துத்தநாகத் தொட்டியின் விளிம்பிலிருந்து ஆட்களை விலக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரும்புச் சாமான்களை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் ஆலையில் வேலை செய்கிறீர்கள். கிரேனை இயக்கும் ஆள் தொங்கும் பொத்தான் பெட்டியைப் பிடித்தபடி தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். இன்னும் இரண்டு பேர் நீண்ட துடுப்புகளோடு விளிம்பில் நின்று, உருகிய துத்தநாகத்தின் மேல் படியும் சாம்பலை ஒதுக்குகிறார்கள். அண்மையில் துத்தநாகம் தெறித்து ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. ரோபோ வாங்கினால் இந்த ஆபத்து தீருமா, வாங்குவதாக இருந்தால் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நான் வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறேன்: துத்தநாகம் தெறிக்கும் தூரத்துக்குள் மனிதர் போக வேண்டிய வேலைகள் எவை, அவற்றை எந்த வரிசையில் ஒழிப்பது? இது தெளிவானால் ரோபோ எங்கே வேண்டும், எங்கே வீண் என்பது தானாகத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட லைன்களை வடிவமைப்பதிலும் ஓட்டுவதிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் தெறிப்பு ஏன் வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எந்த இயந்திரம் வாங்கினாலும் இந்தக் காரணம் மாறப்போவதில்லை. துத்தநாகம் 419.5 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; தொட்டியைப் பெரும்பாலும் 450 டிகிரியை ஒட்டி வைத்திருப்போம். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் மூவாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாகிறது. சாமானின் வெளிப்பரப்பில் இருக்கும் லேசான ஈரம் பெரும்பாலும் மேற்பரப்பைத் தொடும்போதே சீறிப் போய்விடும். கொஞ்சம் தெறிக்கும், அவ்வளவுதான். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் கொல்லக்கூடியது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்த இடம், காற்றுத் துளை இல்லாத குழாய், மூடிய பெட்டிச் சட்டம், இவைதான் அதன் இருப்பிடங்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய குழிக்குள் காற்று மட்டும் இருந்தால் 450 டிகிரியில் அழுத்தம் இரண்டரை மடங்குகூட ஆகாது. அதே குழிக்குள் வெறும் 10 கிராம் தண்ணீர் இருந்தால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல முப்பது மடங்கைத் தாண்டும். போதாததற்கு, அந்தச் சூட்டில் இரும்பின் வலிமையும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும். குழி வெடித்தால், மேலே இருக்கும் பல நூறு கிலோ உருகிய உலோகம் வெளியே வீசப்படும்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இந்த விபத்தை ரோபோ தடுக்காது. துளை போடாத குழாயைக் கிரேன் இறக்கினாலும் ரோபோ இறக்கினாலும் ஒரே மாதிரிதான் வெடிக்கும். ஆகவே செலவே இல்லாத முதல் வேலை ஆலை வாசலில் நடக்க வேண்டியது. உள்ளே வரும் ஒவ்வொரு சாமானையும் காற்றுத் துளை, வடிதுளை இருக்கின்றனவா என்று பார்க்க ஒருவர் வேண்டும். இல்லை என்றால் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். துளைகளை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 14713-2 தரநிலையில் வழிகாட்டுதல் இருக்கிறது. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், விற்பனைப் பிரிவு முணுமுணுக்கும். அந்த நேரத்தில் மேலாளர் சோதனை செய்பவர் பக்கம் நிற்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அடுத்தது உலர்த்தல். ஆசிட்டில் ஊறி, கழுவி, ஃப்ளக்ஸ் கரைசலில் (துத்தநாகம் இரும்பில் பிடிக்க உதவும் உப்புக் கரைசல்) முக்கிய சாமானை 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் உலர் அடுப்பில் போதிய நேரம் வைத்துவிட்டால் வெளிப்பரப்பு ஈரத்தால் வரும் தெறிப்பு வெகுவாகக் குறையும். ஆர்டர் நெருக்கும் நாளில் முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான். தானியங்கிக்கு இது மிகப் பொருத்தமான இடம். அடுப்பின் வெப்பநிலையும் சாமான் உள்ளே இருந்த நேரமும் குறித்த அளவை எட்டாவிட்டால் கிரேன் அந்தச் சுமையைத் தொட்டிக்கு மேல் கொண்டுவரவே கூடாது என்று பூட்டிவிடலாம். அவசரத்தில் யாரும் குறைக்க முடியாது, யாரும் யாரோடும் சண்டை போடவும் வேண்டியதில்லை. கனமான சாமானுக்கும் மெல்லிய சாமானுக்கும் ஒரே நேரம் போதாது என்பதால், சுமையின் எடையையும் தடிமனையும் வைத்து நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்படி நிரல் இருக்க வேண்டும்.

சாமான் மட்டும் ஈரத்தைக் கொண்டுவருவதில்லை. மழைக்காலத்தில் வெளியே அடுக்கி வைத்த துத்தநாகக் கட்டிகளின் மேல் சுருக்கக் குழிகளில் தண்ணீர் தங்கும். குளிர்ந்த, ஈரமான துடுப்பையோ, தொட்டியின் அடியில் படியும் டிராஸ் என்ற கசடை அள்ளும் கருவியையோ நேரே உள்ளே விட்டாலும் தெறிக்கும். கட்டிகளைக் கூரைக்குள் வைத்து, சூடாக்கி, ஆள் விலகி நின்று ஹாய்ஸ்ட் (சுமையைத் தூக்கி இறக்கும் பொறி) மூலம் மெதுவாக இறக்குங்கள். கருவிகளைத் தொட்டி ஓரத்தில் வைத்துச் சூடாக்கிய பிறகே பயன்படுத்துங்கள். சிறிய ஏற்பாடுகள்தான். ஆனால் ரோபோ விற்க வருபவர் இவற்றைப் பற்றிப் பேசமாட்டார்.

சரி, காரணத்தைக் குறைத்தாயிற்று. அப்படியும் ஒரு நாள் தெறிக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. இதற்கு நிரூபிக்கப்பட்ட ஏற்பாடு தொட்டியைச் சுற்றி முழு உயரக் கூடாரம். சாமான் உள்ளே நுழைந்ததும் கதவுகள் மூடும், பிறகுதான் கிரேன் இறக்கும். தெறிப்பு சுவரில் பட்டு உள்ளேயே விழும். புகையும் வெளியே வராமல் உறிஞ்சப்பட்டுத் துணிப்பை வடிகட்டிக்குப் போகும். முக்கும்போது எழும் வெண்புகையைப் பலர் துத்தநாகப் புகை என்று நினைக்கிறார்கள். 907 டிகிரியில் கொதிக்கும் துத்தநாகம் 450 டிகிரியில் மிகக் குறைவாகவே ஆவியாகும். அந்தப் புகையில் பெரும்பகுதி ஃப்ளக்ஸிலிருந்து வரும் அம்மோனியம் குளோரைடு. கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிச்சலாக்கும். அம்மோனியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு போன்ற உப்புகளைச் சேர்த்த குறைபுகை ஃப்ளக்ஸ்களும் கிடைக்கின்றன. உங்கள் சாமான்களில் பூச்சு சரியாகப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு மாறலாம்.

கூடாரம் கட்டப் பணம் இப்போது இல்லை என்றால் தொங்கும் பொத்தான் பெட்டியை எடுத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நிலையான இயக்குமேடை வையுங்கள். ரேடியோ ரிமோட் இதைவிட மலிவு என்பதால் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. கையில் ரிமோட் இருக்கும் ஆள் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். சரியாகத் தெரியவில்லை என்று எட்டிப் பார்க்க விளிம்புக்கே போய்விடுவார். ரிமோட்தான் என்றால், இறக்கும் கட்டளை மட்டும் மேடையிலிருந்தே வேலை செய்யும்படி கட்டுப்படுத்துங்கள். மேடையிலிருந்து தொட்டி தெரிய ஒரு கேமரா வைத்து, அதன் கண்ணாடியில் தூசி படியாமல் காற்று ஊதும் ஏற்பாடும் செய்யுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் ஆள் நடந்துதான் போவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது ரோபோவுக்கு வருகிறேன். நீங்கள் போல்ட், நட் போன்ற சிறு சாமான்களைக் கூடையில் முக்கி மையவிலக்கில் சுழற்றும் வேலை செய்தால், தயங்காமல் அங்கே முதலில் தானியங்கி போடுங்கள். கூடை எப்போதும் ஒரே அளவு, எடை ஏறத்தாழ ஒன்றே, பாதை மாறாது. துத்தநாகம் உறைவதற்குள் சில விநாடிகளில் கூடையைத் தொட்டியிலிருந்து மையவிலக்குக்கும், அங்கிருந்து குளிர்விக்கும் நீருக்கும் மாற்ற வேண்டும். இந்த அவசரத்தால்தான் ஆள் மிக நெருக்கமாக நிற்கிறார், வழிந்துகொண்டிருக்கும் கூடையை அசைக்கிறார். இயந்திரத்துக்கு இது மிகச் சுலபமான வேலை. பூச்சின் சீரும் கூடும். பெரிய சட்டங்கள், தூண்கள், வாயிற்கதவுகள் என்று ஒவ்வொரு சுமையும் வேறுவேறாக வரும் ஆலையில் மூட்டுக்கை ரோபோவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அங்கே பொருத்தமானது பாதையும் வேகமும் நிரலில் அடங்கிய தானியங்கிக் கிரேன்.

தானியங்கிக் கிரேனையும் நான் தொட்டியில் தொடங்கமாட்டேன். ஆசிட் வரிசையில் தொடங்குவேன். தெறிப்பு கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவியை நாள் முழுக்கச் சுவாசிப்பது மெல்ல வரும் ஆபத்து என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை. கொழுப்பு நீக்கல், ஆசிட், கழுவல், ஃப்ளக்ஸ் என்று சுமையை ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் வேலை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடப்பது. அந்தப் பகுதி முழுவதையும் சுவர்கட்டி அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைவாக வைத்து, கிரேன்களைத் தானாக ஓட்டும் முறை பல ஆலைகளில் நன்றாக வேலை செய்கிறது. மனிதர் உள்ளே போவது பராமரிப்புக்கு மட்டும். கட்டடத்தின் இரும்புகூட அரிக்காமல் தப்பிக்கும்.

ஆசிட் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. தூக்கும் சங்கிலி வலிமையாக இருக்கட்டும் என்று கிரேட் 80 வகை உலோகக்கலவைச் சங்கிலியை ஆசிட்டுக்குள் இறக்காதீர்கள். ஆசிட் உண்டாக்கும் ஹைட்ரஜன் உயர்வலிமை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, ஒரு நாள் சுமையோடு அறுந்து விழும். தானியங்கி வந்த பிறகு சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆள் குறைந்துவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜிக் (சாமானைத் தொங்கவிடும் சட்டம்), கொக்கி, சங்கிலி எல்லாவற்றுக்கும் எண் போட்டு, எத்தனை முறை ஆசிட்டில் இறங்கின என்பதை அந்த நிரலே எண்ணும்படி செய்துவிடலாம்.

தொட்டிக்குத் திரும்புவோம். முக்கும் வேலையில் எந்த அறிவு மனிதரிடம் இருக்கிறது என்று ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். சாமான் இறங்கியதும் துத்தநாகம் கொதிப்பதுபோல் குமிழியிடும். சாமான் தொட்டியின் சூட்டை அடையும்போது அது அடங்கும். அனுபவசாலி அந்த அடங்கலைப் பார்த்துத்தான் சாம்பலை ஒதுக்கச் சொல்வார், பிறகு மெதுவாகத் தூக்குவார். இரும்பில் உள்ள சிலிக்கன் அளவு மாறும்போது அது துத்தநாகத்தோடு வினைபுரியும் வேகமும் மாறும். ஒரே நேரம் முக்கினால் ஒன்றில் பூச்சு மெல்லியதாகவும் இன்னொன்றில் தடித்தும் வரும். கேமராவும் படப்பகுப்பு மென்பொருளும் இந்தக் குமிழிகளைப் பார்த்து முடிவெடுக்கும் என்கிறார்கள். தரத்துக்கு அது உதவக்கூடும். ஆனால் ஆள் பாதுகாப்பு அதன் முடிவை நம்பி இருக்கும்படி நான் வைக்கமாட்டேன். எடையளவி எளிமையானது, நம்பத்தகுந்தது. ஹாய்ஸ்டில் மேலேயே, புகைக்கும் சூட்டுக்கும் எட்டாத இடத்தில் அதைப் பொருத்தலாம். இறக்கும்போது எடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்துகொண்டே போனால் சாமான் மிதக்கிறது, அதாவது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வெளியே எடுத்ததும் ஒட்டிய துத்தநாகத்தால் எடை சில சதவீதம் கூடியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஏதோ ஒன்று கழன்று தொட்டிக்குள் கிடக்கிறது.

சாம்பல் ஒதுக்குவதுதான் இன்னும் கடினமாக இருக்கும் பகுதி. சுருள் தகடுகளைத் தொடர்ச்சியாக முக்கும் பெரிய லைன்களில் சாம்பல் ஒதுக்கும் ரோபோக்கள் நிலைபெற்றுவிட்டன. அங்கே தகடு எப்போதும் ஒரே இடத்தில் போகிறது. வேறுவேறு வடிவச் சாமான்கள் இறங்கும் தொட்டியில் கொக்கிகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவே துடுப்பைச் செலுத்துவதை இயந்திரம் மனிதரைப் போல் செய்வது அரிது. பக்கவாட்டிலிருந்து தள்ளும் இயந்திரத் துடுப்பால் பெரும்பகுதியை ஒதுக்கலாம். மிச்சத்தைக் கூடாரச் சுவரில் வைத்த சிறு திறப்பு வழியாக, உடலுக்கு முன்னால் தடுப்போடு செய்யலாம். நேரமும் முக்கியம்: சாமான் இறங்கி முடிந்து குமிழிகள் அடங்கிய பிறகே திறப்பு திறக்கும்படி பூட்டுங்கள். வெடிப்பு பெரும்பாலும் இறங்கும்போதும் அதை ஒட்டிய சில நிமிடங்களிலும்தான் வரும் என்பதால் இந்த ஒரு பூட்டு பெரிய பாதுகாப்பு.

தானியங்கி தனக்கே உரிய ஆபத்தைக் கொண்டுவரும். 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வார்ப்பு ஆலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி, பாகங்களை எடுப்பதற்காக, தானியங்கிச் சாதனம் இயங்கிய அடுக்குக்குள் ஏறினார். அந்தச் சாதனத்தின் கை தாக்கி உயிரிழந்தார். அது தொழிற்சாலை ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாகக் குறிப்பிடப்படுகிறது. இயந்திரம் நின்றாலோ சிக்கினாலோ மனிதர் உள்ளே போவார். அந்தக் கணத்தில் அது மறுபடி ஓடத் தொடங்கக் கூடாது. எதிர்பாராமல் இயங்குவதைத் தடுப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 14118 இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகும் பழக்கத்தை இயந்திரம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். வேலிக் கதவின் பூட்டுகளும் ஆள் உணரும் சாதனங்களும் சாதாரண பிஎல்சியை (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 12100 முறையில் அபாய மதிப்பீடு செய்து, அதிலிருந்து ஐஎஸ்ஓ 13849 சொல்லும் எந்தப் பாதுகாப்பு நிலை தேவை என்று கண்டுபிடித்து அமைக்க வேண்டும். இதை விற்பனையாளரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நின்றுபோவது என்றால் என்ன என்பதையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வேறு பல இயந்திரங்களில் அவசர நிறுத்தம் அழுத்தினால் எல்லாம் நின்றால் போதும். இங்கே அப்படி இல்லை. இறங்கிக்கொண்டிருக்கும்போது இறக்கம் நிற்க வேண்டும். ஆனால் தானாக மேலே தூக்கக் கூடாது, வழியும் துத்தநாகத்தோடு சாமான் யார் தலைக்கு மேலோ வரும். புகை உறிஞ்சும் விசிறி எந்த நிலையிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் புகையில் மாட்டுவார். தொட்டி உறைந்துபோனால் அது தனிப் பேரிடர் என்பதால், சூடேற்றலையும் வெப்பநிலைக் கண்காணிப்பையும் கிரேனின் நிறுத்தப் பொத்தானோடு கோர்க்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதுகாப்பான நிலை எது என்று தாளில் எழுதி, உங்கள் மூத்த ஆபரேட்டர்களோடு வரிவரியாகப் படியுங்கள். நிரல் எழுதுபவருக்குத் தெரியாத இரண்டு மூன்று விஷயங்களாவது அவர்கள் வாயிலிருந்து வரும்.

சென்சார் தேர்வில் ஒரு வார்த்தை. ஆசிட் ஆவியும் அம்மோனியம் குளோரைடு தூசியும் உள்ள இடத்தில் ஒளிக்கற்றைத் தடுப்பு அடிக்கடி பொய்யாக அடிக்கும். பொய்யாக அடிக்கும் சென்சாரை ஒரு மாதத்தில் யாராவது வேலை செய்யாதபடி கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். அதைத் தடுக்க எச்சரிக்கைப் பலகை வைப்பதைவிட, அந்தச் சூழலைத் தாங்கும் பூட்டுக் கதவையும் இயந்திர நிறுத்தங்களையும் வாங்குவது நல்லது. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் பலவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் குழிகுழியாக அரிக்கும். அங்கே பிளாஸ்டிக் உறைகளே நீடிக்கும்.

விபத்து எத்தனை சதவீதம் குறையும் என்று உங்கள் நிர்வாகம் கேட்கும். அப்படி ஒரு எண்ணை நேர்மையாக யாரும் தர முடியாது. சுமையின் வகை, துளைச் சோதனை, உலர்த்தும் நேரம் இவற்றைப் பொறுத்து ஆலைக்கு ஆலை மாறும். எண் தருபவரிடம் எந்த ஆலையில், எத்தனை வருடம், எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதிலாக நீங்களே ஒன்றை அளக்கலாம்: ஒரு ஷிஃப்டில் தொட்டியிலிருந்து ஐந்து மீட்டருக்குள் எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த வேலைக்காக நின்றார்கள். இப்போதே எழுதி வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி எழுதுங்கள். பணம் எங்கே போட வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும். உங்கள் கட்டடத்தின் உயரம், கிரேன் பாதை தாங்கும் எடை, தொட்டியின் நீளம் தெரியாமல் கூடாரம் எந்த வடிவில் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்கு நேரில் பார்க்கும் பொறியாளர் ஒருவர் வேண்டும்.

தானியங்கி ஓடத் தொடங்கிய பிறகும் வாரம் ஒரு ஷிஃப்டாவது மேடையிலிருந்து கையால் இயக்கும் பயிற்சி நடக்கட்டும். மின்தடையோ கோளாறோ வரும் இரவில் அந்தக் கைப்பழக்கம் இல்லாத இளைஞரிடம் பாதி முங்கிய சுமையை ஒப்படைப்பது நியாயமில்லை. விளிம்பில் இத்தனை நாள் துடுப்பு பிடித்தவர்களை வெளியே அனுப்பாமல், துளைச் சோதனைக்கும் ஜிக் கட்டும் மேற்பார்வைக்கும் கொண்டுவாருங்கள். எந்தக் குழாய் வெடிக்கும் என்று ஒரு பார்வையில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.